வடிவைக் கூப்பிட்ட குரல்

வவ்வால்பாறையில் இரண்டு பள்ளிகள் இருந்தன. அடிவாரத்துக் கீற்றுக் கொட்டகையில் நடந்தது கீழ்ப்பள்ளி. எழுத்து, கணக்கு, பாட்டு எல்லாம் அங்கே. மேலே, பாறைக் குகைக்குள் நடந்தது மேல்பள்ளி. மருந்து, வானசாஸ்திரம், தர்க்கம் என்று பெரிய விஷயங்கள் அங்கே. இரண்டையும் நடத்தியவர் குருவம்மா. அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

கீழே இருந்து மேலே போக ஒரே ஒரு வழிதான். குகை கூப்பிட வேண்டும்.

சாயங்காலம் குகை வாசலில் உள்ள சமதரையில் பிள்ளைகள் விளையாடுவார்கள். என்றைக்காவது ஒரு பிள்ளை பாதி ஓட்டத்தில் நின்றுவிடும். "என்னைக் கூப்பிட்டாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடும். பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு ஒன்றும் கேட்டிருக்காது. சிலருக்கு எட்டு வயதில் கேட்கும், சிலருக்கு மீசை அரும்பும் வயதில் கேட்கும். சிலருக்குக் கேட்காமலே போகும். அவர்கள் துணிக்குச் சாயம் தோய்க்கவோ உப்பு விற்கவோ போய் நன்றாகவே பிழைத்தார்கள். உப்பு விற்கப் போன ஒருவன் அறுவடைக்கு அறுவடை இரண்டு பள்ளிகளுக்கும் வண்டி நிறைய அரிசி அனுப்பினான். மேல்பள்ளியில் தேறியவர்கள் அதைச் சாப்பிட்டுவிட்டுத் தர்க்கம் பேசினார்கள்.

இதையெல்லாம் பெற்றவர்களிடம் சொல்லிப் பயனில்லை. பிள்ளைக்குக் காது அடைத்திருக்கிறதோ என்று பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை வெதுவெதுப்பாகக் காதில் விடுவார்கள். வீடு திரும்பும் பிள்ளையிடம், "சாப்பிட்டியா" என்று கேட்பதற்கு முன்னால், "ஏதாச்சும் கேட்டுச்சா" என்று கேட்பார்கள். ஒரு தகப்பன் மகனைப் பொய் சொல்லச் சொல்லி உள்ளே அனுப்பினான். பையன் இருட்டைப் பார்த்து நாள் முழுக்க அழுதுவிட்டு, மறுநாள் கீழ்ப்பள்ளியில் தன் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். குருவம்மா அவனை ஒன்றும் கேட்கவில்லை. தகப்பன்தான் கொஞ்ச நாள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.

அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் ஏகாம்பரம். குருவம்மாவின் சீடன், கீழ்ப்பள்ளி வாத்தியார். அவனுக்கும் குருவம்மாவுக்கும் ஒரே வயதுதான். இருவரும் சின்ன வயதில் அதே கொட்டகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். ஒரு சாயங்காலம் குகை அவரைக் கூப்பிட்டது. ஏகாம்பரத்தைக் கூப்பிட அதற்குப் பிறகு பல வருஷம் ஆனது. அவர் குருவானார், அவன் சீடனானான். அதில் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று அவன் அடிக்கடி சொல்லிக்கொள்வான்.

அவன் சிரிப்பு, மகள் வடிவு கணக்குப் போட ஆரம்பித்ததும் நின்றுபோனது.

ஒருநாள் குருவம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளு."

"பிள்ளை எந்தப் பள்ளியில உட்காரணும்னு பெத்தவங்க தீர்மானிக்கக் கூடாதா?"

"யாரைச் சொல்றே? வடிவையா?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

"பொதுவா ஒரு பிள்ளை எங்கேயும் கிடையாது. வடிவைப் பத்திச் சொல்லு."

"நான் கணக்கைப் பாதி சொல்றதுக்குள்ள அவ விடை சொல்லிடறா. மத்தப் பிள்ளைங்க முடிக்கிற வரைக்கும் புளியங்கொட்டையை வச்சு விளையாடிக்கிட்டிருக்கா. இப்படியே விட்டா மழுங்கிப் போயிடுவா."

"விளையாடும்போது முகம் எப்படி இருக்கு?"

ஏகாம்பரம் யோசித்தான். புளியங்கொட்டைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

"கவனிக்கலைம்மா."

"சரி. குகை கூப்பிட்டா போகட்டும்."

"கூப்பிடலைன்னா?"

"அப்பவும் உன் பொண்ணுதான்."

"அதில்லைம்மா. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அந்தக் குகைக்குத்தான் என்ன தெரியும்? பெத்து வளர்க்கிறவன் நான். அவளுக்கு எவ்வளவு முடியும்னு எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும். நல்லாவே தெரியும்" என்றார் குருவம்மா. ஆய்ந்த கீரையை முறத்தில் அள்ளிக்கொண்டு எழுந்துபோனார்.

ஏகாம்பரம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

அதே வாரத்தில் செக்கு ஆட்டுகிறவர் மகனைக் குகை கூப்பிட்டது. வடிவைவிடச் சின்னவன். வாய்ப்பாட்டில் இன்னும் தடுமாறிக்கொண்டிருந்தவன். செக்குக்காரர் வீடு வீடாகப் போய் எள்ளுருண்டை கொடுத்தார். ஏகாம்பரம் வீட்டுக்கும் வந்தார்.

"வாத்தியார் பொண்ணை இன்னும் கூப்பிடலையா?" என்று ரொம்ப அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

எள்ளுருண்டையை ஏகாம்பரம் கடிக்காமலே வைத்துவிட்டான்.

பாறையின் உச்சியில் ஒரு வெடிப்பு உண்டு. பொழுது சாய்ந்ததும் வவ்வால்கள் அதன் வழியாகத்தான் வெளியே வரும். தூறல் போட்ட ஒரு சாயங்காலம், மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வடிவு மட்டும் சமதரையில் தேங்கிய தண்ணீரைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் பின்பக்கமாக ஏறி உச்சிக்குப் போனான். வவ்வால்கள் எல்லாம் வெளியேறட்டும் என்று காத்திருந்தான். பிறகு ஈரப் பாறையில் குப்புறப் படுத்து, வெடிப்பில் வாயை வைத்து, தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு கூப்பிட்டான்.

"வடிவூ..."

குரல் கீழே போனது. போய்க்கொண்டே இருந்தது. கிணற்றில் கல்லைப் போட்டால் கடைசியில் ஒரு சத்தம் வர வேண்டும். இது எங்கேயும் போய் முட்டியதாகத் தெரியவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது. காதை வைத்துக் கேட்டுக்கொண்டே கிடந்தான். பிறகு மெல்லத் தலையைத் தூக்கிக் கீழே எட்டிப் பார்த்தான்.

வடிவு குகை வாயைப் பார்த்து நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஏகாம்பரத்தின் பயமெல்லாம் போய்விட்டது. பிள்ளைக்கும் ஆசை இருந்திருக்கிறது, நாம்தான் தாமதித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு இறங்கினான். வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னான். அவன் மனைவி தையல்நாயகி வைத்தாள். அவள் மட்டும் குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்றாள்.

மேல்பள்ளியில் வடிவு எல்லோரையும் திகைக்க வைத்தாள். மற்றவர்கள் மாதக்கணக்கில் படிப்பதை அவள் சில நாட்களில் முடித்தாள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. பதில் சொல்லும்போது அவள் கேட்டவரைப் பார்ப்பதில்லை. தலையைத் திருப்பிக் குகையின் உட்பக்கத்தைப் பார்த்துச் சொன்னாள்.

மேல்பள்ளி நடந்தது குகையின் முன்கூடத்தில், வாசல் வெளிச்சம் வந்து விழும் இடத்தில். அதற்குப் பின்னால் பாறை குறுகி ஒரு வழி போகும். அங்கே யாரும் போவதில்லை. போய் என்ன செய்ய, வவ்வால் எச்சமும் இருட்டும்தான்.

பிள்ளைகள் எல்லோரும் வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் பாயை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். வடிவின் பாய் மட்டும் உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது. காலையில் வந்து பார்த்தால் நேற்றைக்கு இருந்த இடத்தைவிட ஒரு முழம் உள்ளே இருக்கும். குருவம்மா அதைத் திரும்ப வாசல் பக்கம் கொண்டுவந்து போடுவார். வடிவு மறுக்காமல் உட்காருவாள். பாடம் நடக்கும்போதே நிமிர்ந்து பார்ப்பாள்.

"என்னம்மா?" என்பார் குருவம்மா.

"கூப்பிடறாங்க."

மறுநாள் பாய் இன்னும் உள்ளே இருக்கும்.

ஏகாம்பரத்துக்கு இது காதில் விழுந்தது. அவன் பயப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பெருமைப்பட்டான். "மேல்பள்ளியே அவளுக்குப் போதலை, அதுக்கும் மேல போகணும்னு பார்க்கிறா" என்று செக்குக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். எண்ணெய் வாங்க என்று போனவன், எண்ணெய் வாங்காமலே திரும்பினான்.

வீட்டில் வடிவு பேசுவது குறைந்தது. தையல்நாயகி சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, "வடிவு, வடிவு" என்று கூப்பிடுவாள். பிள்ளை திரும்பாது. காது கேட்கவில்லையோ என்று பயந்து தோளைத் தொட்டால் திரும்பும். யாரோ மூன்றாம் வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல விழிக்கும். அப்புறம், யாரும் ஒன்றும் பேசாத நேரத்தில், பாறை இருக்கும் திசையைப் பார்த்து, "ம்... இதோ வரேன்" என்று சொல்லும்.

அதை முதல் தடவை கேட்டபோது தையல்நாயகியின் கையிலிருந்த சோற்றுருண்டை கீழே விழுந்தது.

பிள்ளை தூங்கியதும் அவள் கணவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, அன்னிக்குத் தூறல்ல நான் குடை எடுத்துக்கிட்டு அவளைக் கூட்டிட்டு வரத்தான் மேல வந்தேன். எனக்கும் கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"கூப்பிட்டது. குகை கூப்பிட்டா அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் கேட்கும்பாங்க. எனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

ஏகாம்பரம் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டான். நன்றாக எரிந்துகொண்டிருந்த திரிதான்.

"சளி பிடிச்ச மாதிரி வச்சுக்கிட்டா மட்டும் உங்க தொண்டை எனக்குத் தெரியாதா?"

"அப்பவே ஏன் சொல்லலை?"

தையல்நாயகி தூங்கும் பிள்ளையைப் பார்த்தாள். "எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் பள்ளி விட்டு மற்றப் பிள்ளைகள் எல்லோரும் குகையிலிருந்து வந்துவிட்டார்கள். வடிவு வரவில்லை. ஏகாம்பரம் மூச்சிரைக்க மேலே ஏறினான். குகை வாசலில் குருவம்மா நின்றுகொண்டிருந்தார். அவர் முழங்கை சிராய்த்திருந்தது. சேலையெல்லாம் வவ்வால் எச்சம்.

"வடிவு எங்கேம்மா?"

"உள்ளே போயிட்டா. பின்னாலேயே போனேன். இதுக்கு முன்னாடியெல்லாம் நான் கூப்பிட்டா நிப்பா. இன்னிக்கு என் குரல் அவளுக்குக் கேட்கலை."

ஏகாம்பரம் பாறையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, அன்னிக்குக் கூப்பிட்டது நான்தான்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"குகை ஒரே ஒரு தடவைதான் கூப்பிடும். பிள்ளை வந்து உட்கார்ந்ததும் பேசாம இருந்துடும். எனக்கும் அப்படித்தான், உனக்கும் அப்படித்தான். வடிவைத்தான் விடாம கூப்பிட்டுக்கிட்டே இருக்கு."

"நானும் ஒரே ஒரு தடவைதாம்மா கூப்பிட்டேன்."

"அப்படியா? உள்ளே வந்து கேளு."

முன்கூடத்தைத் தாண்டி, பாறை குறுகும் இடத்தில் குருவம்மா அவனை நிறுத்தினார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. எங்கேயோ நீர் சொட்டியது. பிறகு கேட்டது.

"வடிவூ..."

வெகு தூரத்தில். தொண்டையைக் கனமாக்கிக்கொண்ட அவனுடைய குரல். ஏகாம்பரம் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உதடுகள் மூடியிருந்தன.

"கேட்குதா?" என்றார் குருவம்மா.

"உங்களுக்குக் கேட்கலையா?"

"இல்லை. என்ன சொல்லுது?"

"அவ பேரைத்தான். ரொம்ப உள்ளேயிருந்து."

"நீ கூப்பிட்டப்ப, அவ எங்கே வந்து சேரணும்னு நினைச்சே?"

"மேல்பள்ளிக்குத்தான்."

"வந்து சேர்ந்துட்டாளே. அப்புறம்?"

"அப்புறம், அங்கே முதல் ஆளா இருக்கணும்."

"இருந்தாளே. அப்புறம்?"

ஏகாம்பரம் குருவம்மாவைப் பார்த்தான். அந்த அரையிருட்டில் பொய் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. "உங்க இடத்துல உட்காரணும்."

"சரி, உட்கார்ந்துட்டா. அப்புறம்?"

அதற்கு அப்புறம் என்ன என்று அவன் யோசித்ததே இல்லை. யோசித்துப் பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்பது மட்டும்தான் இருந்தது. உள்ளே குரல் மறுபடியும் கூப்பிட்டது. முன்னைவிடத் தள்ளிக் கேட்டது.

அவன் பதறிப்போய், "வடிவு, வெளியே வந்துடு, அப்பா இங்கே இருக்கேன்" என்று கத்தினான். அதே நேரத்தில் உள்ளேயிருந்தும் அவன் குரல் கூப்பிட்டது. குருவம்மா அவன் வாயைப் பொத்தினார்.

"இங்கேயிருந்து ஒண்ணு, அங்கேயிருந்து ஒண்ணுன்னு நீ கத்தினா பிள்ளை என்ன பண்ணும்? கூப்பிட்டது போதும். நீ போ."

"விளக்கு இருக்காம்மா?"

"அவ எடுத்துக்கிட்டுப் போகலை."

ஏகாம்பரம் போனான். கொஞ்ச தூரம் குனிந்து போனான், பிறகு தவழ்ந்து போனான். பாறை இரண்டு பக்கமும் தோளை உரசியது. வாசல் வெளிச்சம் பின்னால் சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போனது. கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்று அவனுக்கே தெரியவில்லை. அவனுக்கு முன்னால் போனது அவனுடைய குரல் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தான்.

போகப் போக ஒன்று அவனுக்குப் புரிந்தது. அந்தக் குரல் மிரட்டவில்லை. கொஞ்சிக் கூப்பிட்டது. மடியில் போட்டுக்கொள்ளக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டது. வீட்டில் அவன் வடிவை ஒருநாளும் இவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டதில்லை.

பாறை கொஞ்சம் அகன்ற ஓர் இடத்தில் கையில் ஏதோ பட்டது. தலைமயிர். சில்லென்றிருந்தது.

"யாரு?" என்றாள் வடிவு.

"அப்பாதாம்மா."

"வந்துட்டீங்களா." அவள் பெருமூச்சு விட்டாள். "உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

"என்னையா? என்னை எதுக்கு இங்கே தேடறே?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க. தூறல் போட்டப்ப. குரலை மாத்தி வச்சுக்கிட்டா எனக்குத் தெரியாதா? ஒளிஞ்சு விளையாடறீங்கன்னு நினைச்சு ஓடி வந்தேன். உள்ளே வந்தா நீங்க இல்லை. வெறும் பாய்ங்கதான் கிடந்துச்சு."

ஏகாம்பரம் இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் ஊர்ந்தான்.

"ஆனா கூப்பிடறது மட்டும் கேட்டுச்சு. அப்போ இன்னும் உள்ளே இருப்பீங்கன்னு நினைச்சேன்."

"நான் வீட்டுலதானேம்மா இருந்தேன். தினம் பார்த்தியே."

"வீட்டுல இருக்கிற அப்பா கூப்பிடலையே. படிச்சியா, படிச்சியான்னுதான் கேட்டாரு."

"அப்போ நீ அவ்வளவு படிச்சது?"

"சீக்கிரம் முடிச்சா சீக்கிரம் உள்ளே போகலாமே. அதுக்குத்தான்."

அவன் இருட்டில் அவள் கையைத் தேடிப் பிடித்தான். எலும்பாக இருந்தது. இந்தக் கை எப்போது இப்படி ஆனது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் இளைத்ததை ஊரே பார்த்திருக்கும். அவன் பார்க்கவில்லை.

அப்போது இன்னும் உள்ளேயிருந்து, மிகவும் அன்பாக, குரல் கூப்பிட்டது.

"வடிவூ..."

பிள்ளையின் கை அவன் கைக்குள் விறைத்தது.

"நீங்க இங்கே இருக்கீங்க. அப்போ அது யாருப்பா?"

பேய் என்று சொல்லிவிடலாம். காற்று என்று சொல்லிவிடலாம். அவனுக்கு நாக்கு வரை வந்தது.

"அதுவும் நான்தாம்மா."

வடிவு ஒரு கணக்கைப் போடுவதுபோல யோசித்தாள். பிறகு எழுந்துகொண்டாள். அவள் பாவாடை அவன் முகத்தில் உரசியது.

"அப்போ நான் போகணுமே. கூப்பிடறீங்களே."

"போகாதே."

"போகாதேன்னும் நீங்கதான் சொல்றீங்க, வான்னும் நீங்கதான் சொல்றீங்க. எதைக் கேட்கட்டும்?" அவள் கோபித்துக்கொண்டு கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

ஏகாம்பரம் இருட்டைப் பார்த்து, "போதும்" என்றான். குரல் கூப்பிட்டது. "போதும், நிறுத்து" என்று கத்தினான். குரல் முன்போலவே கொஞ்சிக் கூப்பிட்டது. அவன் வாயளவில்தான் சொல்கிறான் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அது வேறு யாருமில்லையே, அவனேதானே.

அவன் கத்துவதை விட்டுவிட்டான். பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான். உடம்பு முழுக்கச் சில்லென்றிருந்தது. அவள் கால்களை எடுத்துத் தன் வேட்டிக்குள் வைத்துத் தேய்த்துவிட்டான். ஒரு பாதத்தில் கல் குத்தி ரத்தம் பிசுபிசுத்தது.

"வலிக்குதா?"

"ம்."

"பசிக்குதா?"

"ரொம்பப் பசிக்குது."

"காலையில என்ன சாப்பிட்டே?"

"ஞாபகம் இல்லைப்பா."

அவனுக்குத் தாங்கவில்லை. அவள் தலைமேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். இந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் சூடாகக் கஞ்சி கொடுக்க வேண்டும், காலுக்கு மஞ்சள் அரைத்துப் போட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு அவனுக்கு இல்லை. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தானோ. ஒரு சமயம் நீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. அது மட்டும்தான் கேட்டது.

"அப்பா, சத்தத்தைக் காணோம்" என்றாள் வடிவு தூக்கக் கலக்கத்தில்.

அது எப்போது நின்றது என்று அவனுக்கும் தெரியவில்லை.

தவழ வேண்டிய இடத்தில் அவளை முன்னால் விட்டுப் பின்னால் தவழ்ந்தான். நிமிர முடிந்த இடத்தில் தோளில் போட்டுக்கொண்டான். வாசலுக்கு வந்தபோது மேற்கில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. வவ்வால்கள் அப்போதுதான் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தன. குருவம்மா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கிட்டே வந்து, தூங்கிவிட்ட பிள்ளையின் முதுகைத் தன் முந்தானையால் மூடினார்.

"மூச்சு சீரா வருது. கூட்டிட்டுப் போ. தையல்நாயகி கீழே நிக்கிறா."

ஏகாம்பரம் தலையாட்டினான். சில அடிகள் இறங்கினான். பிறகு நின்று திரும்பினான்.

"அம்மா, ஒண்ணு கேட்கணும்."

"கேளு."

"நாளைக்கு இவளை எங்கே உட்கார வைக்கட்டும்? கீழேயே இருக்கட்டும்னு நீங்க சொன்னா எனக்குச் சம்மதம்தான். ஆனா இவ்வளவு தூரம் படிச்சிட்டாளேம்மா. கொஞ்சம் உடம்பு தேறினதும், இப்ப விட்ட இடத்துல இருந்து..."

சொல்லிக்கொண்டே போனவன் நிறுத்தினான்.

குகைக்குள், வெகு உள்ளே, தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு யாரோ கூப்பிட்டார்கள்.

தோளில் தூங்கிக்கொண்டிருந்த வடிவு கண்ணைத் திறக்காமலே அசைந்தாள். "ம்... வரேன்ப்பா" என்றாள். பிறகு, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள்.

ஏகாம்பரம் குருவம்மாவைப் பார்த்தான்.

"என்னை ஏன் பார்க்கிறே, ஏகாம்பரம்?" என்றார் குருவம்மா. "பிள்ளை உன்னைக் கேட்கிறா. சொல்லு, இன்னும் எவ்வளவு தூரம்?"